புல்தரையில் மண்கோபுரம்: வளை தோண்டும் கிரேஃபிஷை அதன் வாசலிலேயே பார்ப்பது எப்படி

எங்கள் வீடு இண்டியானாபொலிஸுக்கு வடக்கே, சோள வயல்களை மனையாக்கிக் கட்டிய ஒரு குடியிருப்பில் இருக்கிறது. வீடு வாங்கிய பிறகு வந்த முதல் ஏப்ரலில், கொல்லைப்புறப் புல்தரையில் ஏழெட்டு மண்கோபுரங்கள் எழுந்திருந்தன. ஒவ்வொன்றும் முக்கால் சாண் உயரம், நடுவில் இரண்டு விரல் நுழையும் ஓட்டை. எறும்பா எலியா என்று நானும் மனைவியும் குழம்பிக்கொண்டிருந்தபோது, மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருந்த அம்மா குனிந்து பார்த்தார். "இதுல என்னடா சந்தேகம்? நண்டு வளை. கீழ தண்ணி கெடக்கு" என்றார்.

உள்ளே இருந்தது நண்டு இல்லை, கிரேஃபிஷ். ஆனால் தண்ணீரைப் பற்றி அம்மா சொன்னது அப்படியே சரி. வரப்பில் வளையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது ஒரு நொடி வேலை. எனக்கு அதைப் புரிந்துகொள்ள இரண்டு வருடம் பிடித்தது. ஒஹாயோ, இண்டியானா, இல்லினாய், மிச்சிகன் பக்கம் புதிதாகக் குடிவந்து, இதே மண்கோபுரத்தைப் பார்த்துத் திகைத்து நிற்பவர்களுக்கு அந்த இரண்டு வருடத்தை மிச்சப்படுத்தத்தான் இதை எழுதுகிறேன். தோண்ட வேண்டாம், எதையும் ஊற்ற வேண்டாம். ஒரு மழை இரவில் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், அது தானாக வாசலுக்கு வரும்.

உள்ளே இருப்பது யார்

கிரேஃபிஷுக்குத் தமிழில் நிலைத்த பெயர் இல்லை. இந்தியாவின் ஆறு குளங்களில் அது இயற்கையாக இல்லாததுதான் காரணம். ஆப்பிரிக்கப் பெருநிலத்திலும் கிடையாது. உலகில் 600க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு, அதில் பாதிக்கு மேல் வட அமெரிக்காவில். உடம்பும் வாலும் இறால் மாதிரி, முன்னால் நண்டுக்கு இருப்பது போல இரண்டு கொடுக்குகள். சிங்கி இறாலை நினைத்துக்கொள்ளலாம் என்றால், நம் கடற்கரைச் சிங்கிக்குக் கொடுக்கு கிடையாது. இங்கே அக்கம்பக்கத்தில் கேட்டால் 'கிராடாட்' என்பார்கள், 'மட்பக்' என்றும் சொல்வார்கள்.

எல்லா கிரேஃபிஷும் ஒரே மாதிரி தோண்டுவதில்லை. பின்னாளில் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியக நிறுவனத்தில் பணியாற்றிய ஹார்ட்டன் ஹாப்ஸ் என்ற ஆய்வாளர் 1942இல் மூன்று தரமாகப் பிரித்தார். இன்றும் அந்தப் பிரிவைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆயுள் முழுவதும் வளையிலேயே கழிப்பவை முதல் தரம். மழைக்காலத்தில் ஓடைக்கும் குட்டைக்கும் போய்வந்து மற்ற நாளில் வளையில் இருப்பவை இரண்டாம் தரம். தண்ணீரிலேயே வாழ்ந்து, வறட்சியிலோ முட்டை சுமக்கும்போதோ மட்டும் குழி பறிப்பவை மூன்றாம் தரம். ஓடையே இல்லாத புல்தரையில் கோபுரம் கட்டுவது பெரும்பாலும் முதல் தரத்தைச் சேர்ந்தது.

எங்கள் கொல்லையில் இருப்பதன் ஊர்ப்பெயர் பெயின்டட்ஹேண்ட் மட்பக், அதாவது வண்ணம் பூசிய கையுடைய மட்பக். அறிவியல் பெயர் லாக்குனிகாம்பரஸ் பாலிக்ரோமேட்டஸ். இரண்டாவது சொல்லுக்குப் 'பல நிறமுள்ளது' என்று பொருள். ரோஜர் தோமா, ரேமண்ட் ஜெசரினாக், தாமஸ் சைமன் ஆகிய மூவர் 2005இல்தான் இதைத் தனி இனம் என்று விவரித்தார்கள். அதுவரை 'டெவில் கிரேஃபிஷ்' என்ற இன்னொரு இனத்தோடு சேர்த்தே எண்ணியிருந்தார்கள். இத்தனை விஞ்ஞானிகள் இருக்கும் நாட்டில், வீட்டுக் கொல்லையில் உள்ள உயிருக்கு 2005 வரை சொந்தப் பெயர் இல்லை. இதைப் படித்த அன்றுதான் எனக்கு அதன்மேல் ஒரு பிடிப்பு வந்தது.

இது மூச்சு விடுவது செவுளால். செவுள் ஈரமாக இருக்கும்வரை காற்றிலிருந்தும் பிராணவாயு எடுத்துக்கொள்ளும், காய்ந்தால் செத்துப்போகும். அதனால் நிலத்தடி நீர்மட்டம் எங்கே இருக்கிறதோ அதுவரை தோண்டிக்கொண்டே போகும். நீர் மேலாக இருந்தால் இரண்டு மூன்று அடியில் வேலை முடியும். நீர் இறங்கினால் வளையும் கூடவே இறங்கும், பத்தடி வரைகூட. அடியில் தண்ணீர் நிற்கும் ஒரு சின்ன அறை இருக்கும். அதுதான் அதன் வீடு.

முதலில் கோபுரத்தை உறுதி செய்துகொள்ளுங்கள்

புல்தரையில் மண் எழும்பியதெல்லாம் கிரேஃபிஷ் வேலை ஆகாது. மோல் என்ற அகழெலி தள்ளிய மண் வெறும் குவியல், அதில் திறந்த ஓட்டை இருக்காது. வோல் என்ற வயலெலியின் ஓட்டையில் மண்ணே வெளியே கிடக்காது. பெரிய மண்புழு விட்ட கழிவு சுண்டைக்காய் அளவுக்குக் குட்டிக் குட்டிச் சுருளாக இருக்கும், கையில் எடுத்தால் உதிரும்.

ஏமாற்றுவது சிக்காடா என்ற சில்வண்டுதான். 17 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் சிக்காடாக்கள் மேலே வருவதற்கு முன், ஈர மண்ணில் சின்னச் சின்னக் கோபுரம் கட்டுவதுண்டு. 2021இல் அவற்றில் 'பத்தாம் கூட்டம்' என்று எண்ணிட்ட தொகுதி இண்டியானாவில் கிளம்பியபோது, எங்கள் தெருவில் பலர் அதைக் கிரேஃபிஷ் என்று நினைத்துக்கொண்டார்கள். சிக்காடாவின் ஓட்டை சுண்டுவிரல் மட்டும்தான் நுழையும், கோபுரமும் இரண்டு மூன்று அங்குலத்தைத் தாண்டாது. பெரும்பாலும் மரத்தடியில் கூட்டமாக இருக்கும்.

கிரேஃபிஷ் கட்டியதை உருண்டைகளை வைத்துக் கண்டுபிடிக்கலாம். கொழுக்கட்டைக்கு மாவு உருட்டி அடுக்கியது போல, கோலிக்குண்டு அளவு மண் உருண்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வட்டமாக ஒட்டியிருக்கும். மண்ணின் நிறத்தையும் பாருங்கள். மேல்மண் கறுப்பாக இருக்கும் இடத்தில் உருண்டை சாம்பலாகவோ மஞ்சளாகவோ இருந்தால், அது ஆழத்திலிருந்து வந்த களிமண். கோபுரத்தை எதற்குக் கட்டுகிறது என்பதில் ஆய்வாளர்களிடையே ஒரே கருத்து இல்லை. தோண்டிய மண்ணை வாசலிலேயே கொட்டுவதால் தானாக எழுகிறது என்கிறார்கள் சிலர், வளைக்குள் காற்றோட்டம் கிடைக்க உதவுகிறது என்கிறார்கள் வேறு சிலர்.

குடியிருக்கிறதா, காலி வளையா

பத்து கோபுரம் இருந்தால் பத்திலும் ஆள் இருப்பதில்லை. ஒரே உயிர் இரண்டு மூன்று வாசல் வைத்திருப்பதும் உண்டு. காலி வளையின் முன்னால் இரவெல்லாம் உட்கார்ந்து ஏமாறாமல் இருக்க ஒரு சுலபமான சோதனை சொல்கிறேன். மழை வரும் என்று தெரிந்த நாளில், சாயங்காலம் ஒரு குச்சியால் கோபுரத்தின் மேல்விளிம்பை மட்டும் லேசாகத் தட்டிவிடுங்கள். மண் ஓட்டைக்குள் விழக்கூடாது. மறுநாள் காலையில் விளிம்பில் பளபளப்பாக ஈர உருண்டைகள் இருந்தால் ஆள் உள்ளே இருக்கிறது. இரண்டு மழை போயும் மாற்றமே இல்லை, ஓட்டையில் சிலந்தி வலை வேறு கட்டியிருக்கிறது என்றால் அதை விட்டுவிடுங்கள்.

நான் கொல்லையைத் தாளில் வரைந்து, ஒவ்வொரு வளைக்கும் எண் போட்டு வைத்திருக்கிறேன். இரண்டாம் எண் வேலியோரம், ஐந்தாம் எண் பீர்க்கங்காய்ப் பந்தலுக்குப் பக்கத்தில். இந்த ஒரு பக்கத் தாள் பின்னால் ரொம்ப உதவும்.

நிலத்தைப் படியுங்கள்

இது வீடு வாங்குபவர்களுக்கும் சேர்த்து. கோபுரம் இருக்கும் இடத்தில், வருடத்தில் சில மாதங்களாவது நிலத்தடி நீர் மேலாக இருக்கிறது என்று பொருள். அமெரிக்க வேளாண் துறை நடத்தும் 'வெப் சாயில் சர்வே' என்ற இலவச இணையதளத்தில் உங்கள் முகவரியைப் போட்டு, மனையைச் சுற்றிக் கோடு இழுத்தால், அங்கே என்ன மண், நீர்மட்டம் எத்தனை ஆழத்தில் என்று காட்டும். எங்கள் மனைக்குப் போட்டுப் பார்த்தபோது, வசந்தத்தில் ஓரடிக்குள் நீர் வரும் களிமண் என்று வந்தது. அன்று மாலையே பேஸ்மென்டில் ஊறும் நீரை வெளியேற்றும் சம்ப் பம்ப் ஓடுகிறதா என்று ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். நீங்களும் பார்த்துவிடுங்கள்.

ஏன் இப்படி என்பதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. இந்தப் பக்கத்தின் நிலம் பெருமளவு ஈரநிலமாக இருந்தது. வடமேற்கு ஒஹாயோவில் 'கிரேட் பிளாக் ஸ்வாம்ப்' என்ற மாபெரும் சதுப்பு, 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வாய்க்கால் வெட்டியும் நிலத்துக்கடியில் சுட்ட களிமண் குழாய் பதித்தும் வடிக்கப்பட்டது. 1780களுக்கும் 1980களுக்கும் இடையில் ஒஹாயோ தன் ஈரநிலத்தில் ஏறக்குறைய 90 சதவீதத்தையும் இண்டியானா 87 சதவீதத்தையும் இழந்தன. வடித்த நிலம் வயலாயிற்று, வயல் மனையாயிற்று. நீர் மட்டும் அடியில் அப்படியே இருக்கிறது, அந்த நீரைத் தேடி இவையும் இருக்கின்றன.

நிறையப் பேர், வளைகளால்தான் தரை சொதசொதப்பாகிறது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தரை ஈரமாக இருப்பதால்தான் அங்கே வளை இருக்கிறது. குளத்தின் மண்கரையில் தோண்டினால் கசிவு வரலாம், அதைக் கவனிக்கத்தான் வேண்டும். நம் ஊரில் நண்டு வளையால் நீர் ஓடிவிடும் என்று அண்டை வெட்டிச் சேறு பூசுவார்களே, அதே கதை. கொல்லைப்புறத்துக்கு அந்தக் கவலை தேவையில்லை.

மழை இரவில் உட்காருவது

இனிமேல்தான் விஷயம்.

மார்ச் கடைசியிலிருந்து ஜூன் முதல் பாதி வரை நல்ல காலம். பகலில் மழை பெய்து ஓய்ந்திருக்க வேண்டும், அல்லது இரவில் தூறல் விழுந்துகொண்டிருக்க வேண்டும். இரவு வெப்பநிலை 50 ஃபாரன்ஹீட்டுக்கு மேல் இருந்தால் நல்லது. காற்று பலமாக அடிக்கும் இரவில் எனக்கு ஒன்றும் தட்டுப்பட்டதில்லை. சூரியன் மறைந்து ஒரு மணி நேரத்துக்குப் பிறகு போங்கள். ஏப்ரலில் அது ஒன்பதரை மணி ஆகும்.

பகலிலேயே வளையைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும். ஆள் இருக்கிறது என்று உறுதியான வளையாகப் பார்த்து, இரண்டடி தள்ளி ஒரு குச்சியை நட்டு அதில் வெள்ளைத் துணி கட்டிவிடுங்கள். இருட்டில் தேடி நடந்தால் எல்லாம் கெட்டுவிடும். வாசலை மறைக்கும் புல்லைக் கத்தரியால் வெட்டிவிடுங்கள். ஐந்தாறு அடி தள்ளி ஒரு முக்காலியோ மடக்கு நாற்காலியோ போட்டு வைத்துவிட்டு வாருங்கள்.

எங்கள் முதல் மூன்று இரவும் வீண். முதல் நாள் பின்வாசல் விளக்கை அணைக்க மறந்தோம். இரண்டாம் நாள் வெள்ளை டார்ச்சை நேராக ஓட்டைக்குள் அடித்தேன். மூன்றாம் நாள் மகன் பொறுமை இழந்து சுற்றிச் சுற்றி நடந்தான். கிரேஃபிஷ் காலடி அதிர்வைத் தரை வழியாகவே உணர்ந்துகொள்ளும். நீங்கள் பத்தடி தூரத்தில் வரும்போதே அது கீழே போயிருக்கும்.

நான்காம் இரவுக்கு முன் எல்லாவற்றையும் மாற்றினோம். வீட்டு விளக்குகளை அணைத்தோம். டார்ச் முகப்பில் சிவப்பு செலோஃபேன் தாளை இரண்டு மடிப்பாகச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டோம். சிவப்பு வெளிச்சத்துக்கு இவை அவ்வளவாக மிரளுவதில்லை. முழங்கால் வரை காலுறை போட்டு பேன்ட்டை அதற்குள் செருகிக்கொண்டோம், உண்ணிக்காக. உண்ணி விஷயத்தில் அலட்சியம் வேண்டாம், வீட்டுக்குள் வந்ததும் உடம்பைப் பார்த்துவிட வேண்டும். வெளிச்சத்தை வாசலுக்கு ஒரு முழம் பக்கவாட்டில் தரையில் விழும்படி வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்தோம்.

இருபத்தைந்து நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு ஓட்டையின் கருமைக்குள் ஏதோ மினுங்கியது. முதலில் மீசைதான் தெரியும். இரண்டு நீள மீசைகள் வெளியே வந்து காற்றைத் தடவிப் பார்க்கும். அசையாதீர்கள், மூச்சைக்கூட மெதுவாக விடுங்கள். அப்புறம் கொடுக்கின் நுனி தெரியும், ஆரஞ்சும் சிவப்புமாக. அதற்குப் பிறகு முகம். சில இரவுகளில் வாசலில் அப்படியே உட்கார்ந்து, பக்கம் வரும் புழுவையோ பூச்சியையோ எதிர்பார்த்துக் காத்திருக்கும். சில இரவுகளில் வெளியே வந்து வேர், தளிர் என்று மேயும்.

நாங்கள் அன்று பார்த்தது கட்டட வேலை. ஈரக் களிமண் உருண்டை ஒன்றைக் கொடுக்குகளுக்கும் வாயருகே உள்ள சிறு கால்களுக்கும் நடுவில் அணைத்துப் பிடித்து மேலே வந்தது. விளிம்பில் ஓரிடத்தைத் தடவிப் பார்த்து, உருண்டையை வைத்து, அழுத்தியது. பிறகு பின்னோக்கியே நழுவி இருட்டுக்குள் மறைந்தது. சில நிமிடத்தில் அடுத்த உருண்டை. மகன் விரல் விட்டு எண்ணிக்கொண்டே இருந்தான், பதினொன்று வரை. "அப்பா, அது வீடு கட்டுதுப்பா" என்று கிசுகிசுத்தான். அவனை அதட்ட எனக்கு மனம் வரவில்லை. நல்லவேளையாக அதுவும் ஓடவில்லை.

வெளியே வரவே தயங்கினால் மண்புழு உத்தி ஒன்று உண்டு. நீளக் குச்சியின் முனையில் நூல் கட்டி, நூலில் ஒரு மண்புழுவைச் சுற்றி, வாசலில் மெதுவாகத் தொங்கவிடுங்கள். பசித்திருந்தால் மேலே வந்து பிடிக்கும். பிடித்ததும் இழுக்காதீர்கள். ஆபத்து என்று தோன்றினால் அது தன் கொடுக்கையே கழற்றிவிட்டுப் போய்விடும். வளர்வதற்காகப் பழைய ஓட்டைக் கழற்றும் அடுத்தடுத்த தடவைகளில் கொடுக்கு திரும்ப வளரும்தான், ஆனால் அதுவரை தோண்டவும் சண்டை போடவும் பாவம் அது திண்டாடும். நூலைத் தளர்த்திப் புழுவை அதனிடமே விட்டுவிடுங்கள்.

பார்ப்பதற்கு உரிமம் எதுவும் தேவையில்லை. பிடிப்பதென்றால் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. உங்கள் மாநில இயற்கைவளத் துறையின் பக்கத்தைப் பார்க்காமல் பிடிக்க வேண்டாம்.

படம் எடுத்து இனம் காண்பது

ஃபிளாஷ் போட்டு ஒரே ஒரு படம்தான் கிடைக்கும், அடுத்த நொடி அது உள்ளே போய்விடும். அதனால் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்த பிறகு கடைசியாக எடுங்கள். முதுகு மேலிருந்து தெரிய வேண்டும், கொடுக்கு இரண்டும் படத்துக்குள் வர வேண்டும்.

முதுகு ஓட்டின் பின்பாதியில் நீளவாக்கில் இரண்டு கோடுகள் ஓடும். ஓடையில் வாழும் பல வகைகளுக்கு அந்தக் கோடுகளுக்கு நடுவே இடைவெளி தெரியும். வளை தோண்டும் வகைகளில் பலவற்றுக்கு இரண்டும் ஒட்டி ஒரே கோடாகிவிடும். இருபுறமும் செவுள் அறை பெரிதாக இருப்பதால் நடுவில் இடம் இல்லாமல் போகிறது. பிராணவாயு குறைந்த வளைநீரில் வாழ்வதற்கு அந்தப் பெரிய அறை உதவுகிறது. படத்தைப் பெரிதாக்கி இந்த ஒன்றைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். பெயின்டட்ஹேண்ட் மட்பக்குக்குக் கோடுகள் ஒட்டியிருக்கும். உடம்பு பச்சையும் சாம்பலும் கலந்திருக்கும், ஓட்டின் ஓரங்களிலும் கொடுக்கு நுனியிலும் சிவப்போ ஆரஞ்சோ ஓடும்.

உடம்பெல்லாம் அடர் சிவப்பு, கொடுக்கில் பளிச்சென்ற சிவப்புப் புள்ளிமுடிச்சுகள் என்றால் அது தெற்கிலிருந்து வந்த ரெட் ஸ்வாம்ப் கிரேஃபிஷாக இருக்கலாம். லூயிசியானா பக்கம் வேகவைத்துச் சாப்பிடும் வகை. அதுவும் கோபுரம் கட்டும். 2017இல் மிச்சிகனில் சில குட்டைகளில் அது பெருகியிருப்பதைக் கண்டார்கள். அந்நிய இடத்தில் பெருகினால் உள்ளூர் இனங்களை விரட்டிவிடும் என்பதால், அப்படி ஏதும் கண்ணில் பட்டால் மாநில இயற்கைவளத் துறைக்குப் படத்தோடு தெரிவித்துவிடுங்கள். உயிரோடு வாங்கிய கிரேஃபிஷையோ, மீன்தொட்டியில் வளர்த்ததையோ, பாவம் என்று குட்டையில் விடவே கூடாது.

படத்தை ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றினால் தெரிந்தவர்கள் இனத்தைச் சரிபார்த்துச் சொல்வார்கள். எங்கள் படத்துக்கு மூன்று நாளில் பதில் வந்தது. வீட்டு முகவரி வெளியே தெரியாமல் இருக்க, இருப்பிடத்தை மறைக்கும் வசதியை அதிலேயே போட்டுக்கொள்ளலாம்.

கையை விடாதீர்கள், தோண்டாதீர்கள்

வளைக்குள் கை விடக்கூடாது. இதைக் குழந்தைகளிடம் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். கொடுக்கு கடித்தால் வலிக்கும், அவ்வளவுதான். பயப்பட வேண்டியது வேறு: இந்த வளையில் பாம்பு இருக்கலாம். ஈஸ்டர்ன் மாசசாகா என்ற சிறிய கிலுகிலுப்பைப் பாம்பு, விஷமுள்ளது, குளிர்காலத்தைக் கிரேஃபிஷ் வளைகளில் கழிக்கும். அடியில் இருக்கும் நீர் உறைவதில்லை என்பதால் பனியிலும் உயிர் தப்பும். ஈரநிலங்கள் போனதால் அருகிப்போய், 2016இல் நாடு முழுவதற்குமான பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. நகர்ப்புறக் கொல்லையில் அதைக் காண்பது அரிது. சதுப்புநிலப் பூங்காவுக்கு அருகில் வீடு என்றால் கவனமாக இருங்கள்.

அந்த வளையை நம்பி இருப்பவர்களின் பட்டியல் நீளமானது. தெற்கு இண்டியானாவில் கிராஃபிஷ் தவளை என்று ஒன்று இருக்கிறது. தானாகத் தோண்டத் தெரியாத தவளை. கிரேஃபிஷ் தோண்டிவிட்டுப் போன வளையில் குடியேறி, வருடத்தின் பெரும்பகுதியை அதன் வாசலிலேயே கழிக்கும். வசந்த காலத்தில் குட்டைக்குப் போய்க் குறட்டை விடுவது போலக் கத்தி இணை தேடிவிட்டு வளைக்குத் திரும்பிவிடும். இண்டியானாவில் அது அழியும் நிலையில் உள்ள இனம். வளை தோண்டுபவர் போனால் இந்தத் தவளைக்கு வீடு கிடையாது.

ஹைன்ஸ் எமரால்டு என்ற மரகதக் கண் தும்பியின் கதை இன்னும் நெருக்கமானது. அதன் குஞ்சுகள் நான்கைந்து ஆண்டு நீரில் வளர்ந்த பிறகுதான் இறக்கை முளைத்துப் பறக்கும். கோடையில் ஓடை வற்றும்போது அவை கிரேஃபிஷ் வளைக்குள் இறங்கி உயிர் பிழைக்கின்றன. அந்தக் கிரேஃபிஷே சில நேரம் குஞ்சைத் தின்றுவிடுவதும் உண்டு. ஆனாலும் வளை இல்லாவிட்டால் வறட்சியில் ஒன்றும் மிஞ்சாது. 1995இலிருந்து அது அழியும் நிலைப் பட்டியலில் இருக்கிறது. ஒருகாலத்தில் ஒஹாயோவில் இருந்தது, இன்று அங்கே இல்லை.

அதனால்தான் மண்வெட்டி வேண்டாம் என்கிறேன். தோண்டினால் கிரேஃபிஷ் கையில் கிடைக்கும் என்றும் நிச்சயமில்லை, அது இன்னும் கீழே இறங்கிவிடும். வளை மட்டும் பாழாகும்.

புல் வெட்டுவதும் அக்கம்பக்கமும்

வீட்டுக்காரர் சங்கம் இருக்கும் குடியிருப்பில் புல்தரை ஒழுங்காக இல்லாவிட்டால் கடிதம் வந்துவிடும். காய்ந்த கோபுரம் கல் மாதிரி இறுகியிருக்கும், புல்வெட்டும் மெஷினின் பிளேடை மழுக்கிவிடும். நான் வெட்டுவதற்கு முந்தின நாள் வாராங்கியால் கோபுரங்களைப் பக்கவாட்டில் தட்டிப் பரப்பிவிடுவேன், ஓட்டையை அடைக்க மாட்டேன். அதனால் அதற்கு ஒரு கெடுதலும் இல்லை, அடுத்த மழையில் மறுபடி கட்டிக்கொள்ளும். பரப்பிய களிமண் புல்லுக்குள் போய்விடும்.

புல்தரை பராமரிக்க வந்த ஒருவர், ஓட்டைகளில் பூச்சிமருந்து ஊற்றிவிடலாம், ஒரே நாளில் முடிந்துவிடும் என்றார். அன்று நான் ஏறக்குறைய சரி என்று சொல்லிவிட்டேன். நினைத்தால் இன்றும் மனது கிடந்து அடித்துக்கொள்கிறது. அந்த ஓட்டை நேராக நிலத்தடி நீரில் போய் முடிகிறது. அதில் ஊற்றுவது எதுவானாலும், ப்ளீச் ஆனாலும், ஊற்றிலேயே ஊற்றியது போலத்தான். கிணற்றுத் தண்ணீர் குடிக்கும் வீடுகள் இந்தப் பக்கம் நிறைய உண்டு. மேலும், மருந்து டப்பாவின் சீட்டில் எழுதியிருக்கும் பயன்பாட்டைத் தவிர வேறு எதற்கும் அதைப் பயன்படுத்துவது அமெரிக்கக் கூட்டரசுச் சட்டத்துக்கு விரோதம். பக்கத்து வீட்டார் ஊற்றப்போகிறேன் என்றால் இந்த இரண்டையும் பொறுமையாகச் சொல்லுங்கள். கூடவே ஒரு மழை இரவில் வரச்சொல்லிக் காட்டுங்கள். எங்கள் பக்கத்து வீட்டுத் தாத்தா பாட்டி இருவரும் குடையோடு வந்து உட்கார்ந்தார்கள், அதற்குப் பிறகு மருந்துப் பேச்சு எழவில்லை.

எப்போதும் ஈரமாகவே கிடக்கும் மூலையில் புல்லோடு போராடுவதை விட்டுவிட்டு, அந்த மண்ணுக்கு உரிய செடிகளை வைக்கலாம். ஸ்வாம்ப் மில்க்வீட், புளூ ஃபிளாக் ஐரிஸ், கார்டினல் பூ, கோரை வகைகள் எல்லாம் ஈரத்தில் நன்றாக வரும். மில்க்வீடில் மொனார்க் வண்ணத்துப்பூச்சி முட்டையிடும். செடி வைக்க ஆழமாகத் தோண்டுவதாக இருந்தால் சில நாள் முன்னதாக 811க்கு அழையுங்கள். மின்கம்பி, எரிவாயுக் குழாய் எங்கே போகிறது என்று இலவசமாக வந்து குறித்துவிட்டுப் போவார்கள்.

கோடையில் வாசல் அடைத்திருந்தால்

ஜூலையில் மழை குறைந்ததும் கோபுரத்தின் வாய் மண்ணால் அடைபட்டுவிடும். செத்துவிட்டது என்று நினைத்து நானும் ஒரு முறை குச்சியால் திறந்து பார்த்தேன். அப்படிச் செய்யாதீர்கள். உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறாமல் இருக்க கிரேஃபிஷே மூடிக்கொள்வது அது. ஓடு கழற்றி உடம்பு மெத்தென்று இருக்கும் நாட்களிலும் மூடிக்கொள்ளும். வாலுக்கடியில் முட்டையைச் சுமக்கும் தாயும் மூடியிருக்கும். கிரேஃபிஷுக்கு நீரில் மிதந்து திரியும் குஞ்சுப் பருவம் கிடையாது. பொரிந்த குட்டிகள் அம்மாவைப் போலவே சின்ன உருவத்தோடு, வாலுக்கடியில் உள்ள சிறு துடுப்புகளைப் பிடித்துத் தொங்கும். இரண்டு முறை ஓடு கழற்றிய பிறகுதான் கையை விடும். வளை தோண்டும் வகைகளில் அதற்குப் பிறகும் பல வாரம் தாயோடு ஒரே வளையில் இருக்கும். ஒரு கட்டி மண்ணுக்கு அடியில், இருட்டில், ஒரு குடும்பமே இருக்கக்கூடும்.

அதனால் கோடையில் அந்தத் தாளை எடுத்து, எந்த எண் எந்தத் தேதியில் மூடியது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். இலையுதிர்கால மழை ஆரம்பித்ததும் காலையில் ஒரு சுற்று வாருங்கள். எங்கள் வீட்டில் போன வருடம் செப்டம்பர் மூன்றாம் வாரம், இரவு முழுக்க மழை பெய்த மறுநாள், பீர்க்கங்காய் பறிக்கப் போன மனைவி கூப்பிட்டாள். ஐந்தாம் எண் வளையின் அடைப்பு உடைந்திருந்தது, விளிம்பில் நான்கு ஈர உருண்டைகள். மன்னார்குடிக்கு உடனே படம் அனுப்பினோம்.